ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்!

"பொதுமக்கள் தங்கள் கருத்துகளையும் ஆட்சேபணைகளையும் 60 நாட்களுக்குள் தெரிவிக்கலாம்" என்று செய்தித்தாள் மூலையில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். 'அதெல்லாம் வக்கீல் சமாச்சாரம்பா' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். உண்மையில் அது நம்மைப் பார்த்துக் கேட்கிற கேள்வி.

வரைவு என்றால் என்ன?

சட்டத்தை நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றும். அதன்கீழ் விதிகளை அரசு போடும். சில சட்டங்களில், விதியை முதலில் வரைவாக வெளியிட்டு மக்களைக் கேட்டாக வேண்டும். கெடுவுக்குள் வந்த ஆட்சேபணைகளை அரசு பரிசீலிக்க வேண்டும் என்கிறது 1897-ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 23-வது பிரிவு. கவனியுங்கள்: 'ஏற்க வேண்டும்' அல்ல, 'பரிசீலிக்க வேண்டும்'.

நம்ம கடற்கரையில்...

சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு பக்கம் வலை காயப்போடும் மணலை நினைத்துக்கொள்ளுங்கள். 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பொதுவாகப் புதுக் கட்டடம் கூடாது என்று இருந்தது. 2018 ஏப்ரலில் ஒரு வரைவு வந்தது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் 50 மீட்டர் போதும் என்றது. கருத்துச் சொல்ல 60 நாள் கெடு. 2019 ஜனவரி 18-இல் இறுதி அறிவிக்கை வந்தபோதும் அந்த 50 மீட்டர் அப்படியே நின்றது.

'அப்புறம் எழுதி என்ன லாபம்?' என்பீர்கள். எழுதிக் கொடுத்தது கோப்பில் நிற்கும். பரிசீலிக்கவில்லை என்று நாளை கோர்ட்டில் கேட்க அதுதான் ஆதாரம். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தது. வழக்குப் போட்டார்கள். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி, கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது டெல்லி உயர் நீதிமன்றம். புரியாத மொழியில் கேட்டால் அது கேட்டதாகுமா?

எழுதும் முறை

1. அறிவிக்கை எண், தேதி, கடைசி நாள்.
2. எந்தப் பத்தி என்று எண்ணோடு குறிப்பிடுங்கள்.
3. அதனால் நம்ம ஊரில் என்ன ஆகும்? திட்டாமல், விவரமாக.
4. அதற்குப் பதில் எப்படி இருக்கலாம்?
5. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். தெருவில் எந்த அரசாங்கக் காகிதம் வந்தாலும், "தம்பி, இதைப் படிச்சுச் சொல்லு" என்று நீட்டுகிறார்கள். உங்களில் பலருக்கும் இதே கதைதான். வரைபடம் படிக்கவும் டேப் பிடிக்கவும் நமக்குத் தெரியும். உயர் அலைக் கோட்டை வரைபடத்தில் காட்டி, 50 மீட்டர் யார் வீட்டு வாசல்வரை வருகிறது என்று அளந்து சொல்ல நம்மால் முடியும். அடுத்த அறிவிப்பு வரும்போது, கெடு முடிவதற்குள் அதைச் செய்வோம்!