ட்ரிப் சுவிட்ச் பொய் சொல்லாது

கேள்வி: அறுகம்பேயில் சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். போன சீசன் முழுக்கத் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர், பியர் காய்ச்சும் கரண்ட் பானையொன்றை விட்டுவிட்டுப் போய்விட்டார். 35 லீற்றர், 2500 வாற்ஸ். விருந்தினருக்கு இஞ்சித் தேத்தண்ணி போட வெந்நீர் வைக்கலாமென்று இந்தச் சித்திரையில் வெளியே எடுத்தோம். அடெப்டரில் செருகினால் சூடாகிறது, ஆனால் பானையில் கைபட்டால் சுள்ளென்று இழுக்கிறது. தம்பி பழைய பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் மாட்டினான். ஷொக் நின்றுவிட்டது. இப்போது சுவிட்சைப் போட்டதும் வீட்டு ட்ரிப் விழுகிறது. ட்ரிப்பைக் கழற்றிவிட்டு நேரே லைனைக் கொடுத்தால் சரியாகும் என்கிறார் தெரிந்த ஒருவர். செய்யலாமா?
– ஒரு வாசகி, பொத்துவில்

பதில்: செய்யவே கூடாது, சகோதரி. உங்கள் தம்பி செய்த வேலைதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஜெர்மன் பிளக்கில் ஏர்த் ஊசி கிடையாது. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பித்தளைத் தகடுகள்தான் அதன் ஏர்த். நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் அடெப்டர்கள் பலவற்றில் அந்தத் தகட்டைத் தொட எதுவுமே இல்லை. ஆகவே பானைக்குள் கசிந்த கரண்ட் போக வழியின்றி வெளித்தகட்டிலேயே நின்றது. நீங்கள் தொட்டபோது உங்கள் வழியாகப் போனது. காலில் செருப்பு இருந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், அதனால் சுள்ளென்றதோடு போயிற்று. தம்பி மஞ்சள்-பச்சை வயரைப் புதிய பிளக்கில் சரியாக மாட்டியதும் அதே கசிவு ஏர்த்துக்குப் போனது, ட்ரிப் அதைக் கண்டுபிடித்தது. பழுது முதல் நாளிலிருந்தே பானைக்குள்தான் இருக்கிறது.

எங்கே என்றால், பெரும்பாலும் ஹீட்டர் கொயிலில். கொயிலின் உலோகக் குழாய்க்குள், கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட்டுத் தூள் அடைத்திருக்கும். கரண்டை மறிப்பது அதுதான். அந்தத் தூளுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஐப்பசியில் சீசன் முடிந்து, வாடைமழை முழுக்க உப்புக்காற்றில் ஸ்டோர் ரூமில் கிடந்த பானை வேறு எப்படி இருக்கும்? சீசன் தொடக்கத்தில் நம் கரையோரத்து ஹீட்டர்கள் ட்ரிப்பை விழுத்துவதற்கு இது வழக்கமான காரணம். வெயிலில் வைத்தால் இந்த ஈரம் போகாது.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பானையில் தண்ணீர் நிரப்பி, கீழே ஒரு கடதாசி விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். பானையின் பைப் வாசர் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகி, அடியில் வயர் மாட்டியிருக்கும் இடத்தை நனைப்பது இந்தப் பானைகளில் சாதாரணம். கடதாசி நனைந்தால் வாசரை மாற்றி, அடிப்பக்கத்தை நன்றாக உலரவிட்டுப் பிறகு பார்க்கலாம்.

பொயின்ற் சுவிட்ச் ஓஃப்பில் இருக்கும்போதே, பிளக்கைச் செருகியவுடன் ட்ரிப் விழுந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அந்தச் சுவிட்ச் லைனை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் பக்கம் ஏர்த்தோடு ஒட்டியிருந்தால் அப்படித்தான் நடக்கும். பானையைத் திறக்குமுன் பிளக்கையே கழற்ற வேண்டும் என்பதும் இதனால்தான்.

தகைமைச் சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீசியனை அழைத்து, காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ற் மெகரால் கொயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கொயிலை மாற்றுங்கள். கொயில் கிடைக்காவிட்டால் பானையை இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள், மனம் வலித்தாலும்.

இனி, அந்த 'நேரே லைன்' யோசனை. நம் வீடுகளுக்கு ஏர்த் என்பது முற்றத்தில் அடித்த கம்பிதான். அறுகம்பே மணல் வெயில் காலத்தில் காய்ந்துவிட்டால் அந்தக் கம்பியின் தடை 100 ஓம் வரை ஏறுவது பெரிய விஷயமில்லை. 230 வோல்ற்றில் அதன் வழியாகப் போவது 2.3 அம்பியர். இருபது அம்பியர் பிறேக்கருக்கு அது கசிவென்றே தெரியாது, விழவே விழாது. பானை முழு வோல்ற்றேஜோடு அடுப்படியில் நிற்கும், ஈரக்காலோடு யாராவது வந்து பைப்பைத் திறக்கும் வரை. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். மணலில் கட்டிய வீட்டுக்கு அதைவிட்டால் வேறு காவல் இல்லை.

அந்தப் பானையில் ஜெர்மன்காரர் என்ன காய்ச்சினார் என்று நான் கேட்கவில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சுவது 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அடுத்த விருந்தினரிடம் அதைச் சொல்லி வையுங்கள். பியர் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவிப் பாவிக்கலாமா என்பதை மௌலவியிடம் கேளுங்கள், நமக்குத் தெரிந்தது கரண்ட் மட்டும்.

கேள்வி: ஏர்த் கம்பியைச் சுற்றி உப்பும் கரியும் போட்டால் போதாதா?
– வாசகர், கல்முனை

பதில்: கொஞ்ச நாளைக்குத் தடை குறையும். மழை வந்தால் உப்புக் கரைந்து போய்விடும், இருக்கும் வரைக்கும் கம்பியையும் அரிக்கும். ஈர மண்ணைத் தொடும் அளவுக்கு நீளமான கம்பியை ஆழமாக அடிப்பதே சரி. ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பட்டனையும் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தி விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். ஆனால் அந்தப் பட்டன் சோதிப்பது ட்ரிப்பை மட்டும்தான். ஏர்த் சரியா என்று பார்க்க எலெக்ட்ரீசியன்தான் வரவேண்டும்.