பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை

எல்லாப் பள்ளிகளும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்திவிடுவதில்லை. படிக்கட்டு மட்டுமே உள்ள பள்ளியில், சக்கர நாற்காலியில் வரும் மாணவி வாயிலிலேயே நின்றுவிடுகிறாள். சைகை மொழி அறிந்த ஆசிரியர் இல்லாத வகுப்பில், செவித்திறன் குறைந்த மாணவனுக்குப் பாடம் சென்று சேர்வதில்லை. இத்தகைய குழந்தைகள் தமக்குப் பொருந்தும் பள்ளியைத் தேடிச் செல்ல வழி உண்டா? அதற்கான செலவை ஏற்பவர் யார்? இவ்வினாக்களுக்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் ஒரு விடை கண்டது. நம் நாடு வேறொரு விடை கண்டது. அவ்விரண்டையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

கதவைத் திறந்த சட்டம்

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுக்கு முன்னர், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அரசுப் பள்ளிகளில் இடமின்றி வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம் அந்நிலையை மாற்றியது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஏற்ற கல்வியைக் கட்டணமின்றி அளிப்பது அரசுப் பள்ளியின் கடமையாயிற்று. ஆசிரியரும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து அக்குழந்தைக்கெனத் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். எந்த உதவி, எவ்வளவு நேரம் என்பன அதில் இடம்பெறும். பள்ளி அதன்படி நடக்கவில்லையெனில் பெற்றோர் முறையிட்டு நீதி கேட்கலாம்.

உதவித்தொகை பிறந்த வகை

சட்டம் இருந்தும், தம் குழந்தை நன்கு கற்கவில்லை என்று வருந்திய பெற்றோர் பலர். வசதி படைத்தோர் தனியார் பள்ளியை நாடினர். மற்றவர்களுக்கு அவ்வழி இல்லை. புளோரிடா மாநிலச் சட்டமன்ற மேலவையின் உறுப்பினர் ஜான் மெக்கே, சிறப்புக் கல்வி தேவைப்பட்ட மகளுக்குத் தந்தை. அவருடைய முயற்சியால் 1999-இல் சாரசோட்டா என்னும் மாவட்டத்தில் ஓர் உதவித்தொகைத் திட்டம் சோதனையாகத் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அது மாநிலம் முழுவதற்கும் விரிந்து, அவர் பெயரையும் பெற்றது.

அத்திட்டம் இயங்கிய முறை எளியது. அரசுப் பள்ளியில் பயிலும் மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் பெற்றோர், அப்பள்ளியில் நிறைவு காணவில்லையெனில், வேறோர் அரசுப் பள்ளியையோ திட்டத்தில் இணைந்த தனியார் பள்ளியையோ தேர்ந்தெடுக்கலாம். தனியார் பள்ளியாயின், அக்குழந்தைக்காக மாநில அரசு செலவிடும் தொகை, அப்பள்ளியின் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அது வழங்கப்படும். குழந்தையின் தேவை மிகுதியாயின் தொகையும் மிகும். ஒகையோ, ஜார்ஜியா முதலிய மாநிலங்களும் இதனை ஒத்த திட்டங்களைக் கொணர்ந்தன. 2022-இல் புளோரிடாவின் இத்திட்டம் மற்றோர் உதவித்தொகைத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

பெற்றதும் இழந்ததும்

செல்வர்க்கு மட்டுமே இருந்த வாய்ப்பு இத்தொகையால் பிறருக்கும் கிடைத்தது என்பது ஆதரிப்போர் வாதம். மறுப்போர் மூன்று குறைகளைச் சுட்டுவர். பள்ளிக் கட்டணம் உதவித்தொகையினும் மிகுதியாயின், எஞ்சியதைப் பெற்றோரே செலுத்த வேண்டும். தனியார் பள்ளிக்குச் சென்றுவரும் பொறுப்பும் பெற்றோருடையதே. மூன்றாவது குறையே பெரிது. தனியார் பள்ளிக்கு மாறிய குழந்தைக்கு, 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த தனிக் கல்வித் திட்டத்தின் உறுதி தொடர்வதில்லை. எழுதிய உதவியைச் செய்தே தீர வேண்டும் என்று அப்பள்ளியைக் கட்டாயப்படுத்த இயலாது. அதாவது, குழந்தையோடு பணம் உடன் செல்கிறது. கடமை உடன் செல்வதில்லை.

நம் நாட்டில்

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதெனச் சான்று பெற்ற குழந்தைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அது அளிக்கிறது. அக்கல்வியை அருகிலுள்ள பள்ளியில் பெறுவதா, சிறப்புப் பள்ளியில் பெறுவதா என்னும் தேர்வும் அக்குழந்தைக்கே உரியது.

இச்சட்டம் கடமையையும் வரையறுக்கிறது. அரசின் நிதியோ ஏற்பிசைவோ பெற்ற கல்வி நிறுவனங்கள் வேறுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தை எளிதில் அணுகத்தக்கதாக அமைக்க வேண்டும். குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும். ஏற்பிசைவு பெற்ற தனியார் பள்ளியும் இதற்கு விலக்கன்று. கேந்திரிய வித்யாலயாக்களில் புதிய சேர்க்கையில் 3 விழுக்காடு இடங்கள் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்க்கு ஒதுக்கப்படுகின்றன. 9, 10-ஆம் வகுப்புகளில் பயிலும் தகுதியுடைய மாணவர்க்கு நடுவண் அரசு கல்வி உதவித்தொகையும் வழங்குகிறது.

எனினும், சாய்தளம் இல்லாத பள்ளியும் சிறப்பாசிரியர் இல்லாத பள்ளியும் இருக்கும் வரை, இவ்வுரிமை கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாததாகவே நிற்கும். ஊரில் சிறப்புப் பள்ளியே இல்லையெனில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? உதவித்தொகையும் வேண்டும், சட்டமும் வேண்டும், அவற்றோடு, தேடி வரும் குழந்தையை ஏற்கும் ஆயத்தம் ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். அப்போதுதான் தேர்வு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.

சொற்பொருள்

ஏற்பிசைவு – அங்கீகாரம்
விழுக்காடு – சதவீதம்
நடுவண் அரசு – மத்திய அரசு
சாய்தளம் – படிக்கு மாற்றாக அமைக்கப்படும் சரிவான பாதை
ஆயத்தம் – முன்னேற்பாடு

பிரித்து எழுதுக

1. இவ்வுரிமை
2. வேறோர்
3. கட்டணமின்றி

வினாக்கள்

1. தனிக் கல்வித் திட்டத்தில் இடம்பெறுவன யாவை?
2. புளோரிடாவில் உதவித்தொகையின் அளவு எவ்வாறு உறுதி செய்யப்பட்டது?
3. ‘பணம் உடன் செல்கிறது, கடமை உடன் செல்வதில்லை’ – விளக்குக.
4. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளுக்கு விதிக்கும் கடமைகளைத் தொகுத்து எழுதுக.

செயல்பாடு

உங்கள் பள்ளியின் வாயில், வகுப்பறை, நூலகம், கழிப்பறை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றைச் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரால் பிறர் துணையின்றி அடைய முடியுமா? பார்த்தறிந்து, மாற்ற வேண்டியவற்றைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுக.