கேபிளா, டிஷ்ஷா? அந்தமான் வீடுகளுக்கு ஹெச்.டி. குறிப்புகள்

மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கும், ஆசையாகப் பெரிய டிவி வாங்கி மாட்டிவிட்டு "படம் ஏன் கலங்கலா இருக்கு?" என்று கடைக்காரரிடம் போய் நிற்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

1. மாதம் எவ்வளவு என்பதை அப்புறம் கேட்கலாம். "உங்க சிக்னல் எங்க தீவுல எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. செயற்கைக்கோள் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சிக்னலை இறைப்பதில்லை; ஒரு நிலப்பரப்பைக் குறிவைத்துக் கற்றையாக அனுப்புகிறது. இந்திய டிடிஹெச் கற்றைகள் பலவும் மெயின்லேண்டுக்கென்று வடிவமைக்கப்பட்டவை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி இருக்கிற நமக்கு ஓரத்தில் விழுவதுதான் மிச்சம். தூர்தர்ஷனே 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ்ஸைத் (இன்றைய டிடி ஃப்ரீ டிஷ்) தொடங்கியபோது, அந்தமான் நிக்கோபாரைத் தவிர மற்ற இடங்களுக்கெல்லாம் அது கிடைத்தது. பிறகுதான் நமக்கென்று சி-பேண்டில் 10 சேனலோடு தனியாக ஒன்று கொடுத்தார்கள். எனவே "இந்தியா முழுக்கக் கிடைக்கும்" என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். அதே கம்பெனி டிஷ் இருக்கிற வீடு உங்கள் தெருவில் இருந்தால், மழை பெய்யும்போது போய் ஒரு பத்து நிமிஷம் டிவி பார்த்துவிட்டு வாருங்கள். அதைவிட நல்ல சோதனை கிடையாது.

2. டிஷ் பெரிதாக இருக்கட்டும். மெயின்லேண்டில் 60 செ.மீ. டிஷ்ஷே தாராளம். இங்கே கடைக்காரர் 90 செ.மீ. சொன்னால் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம். விட்டம் ஒன்றரை மடங்கு ஆனால் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது. சிக்னலும் அந்த அளவுக்குக் கூடும். ஆனால் டிஷ் பெரிதாகப் பெரிதாகத் திசையில் சிறு பிசகுகூட ஆகாது. காற்றையும் அது அதிகமாக வாங்கும். 2013 நவம்பரில் லெஹர் புயல் இந்தத் தீவுகளைக் கடந்துபோனதை நினைவில் வைத்து, கம்பத்துக்கு சிமென்ட் போடும்போது கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

3. சென்னை வீட்டு டிஷ்ஷைக் கழற்றிக் கப்பலில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் கவனிக்க: அங்கே வைத்திருந்த திசை இங்கே உதவாது. டாடா பிளேயின் செயற்கைக்கோள்கள் 83 டிகிரி கிழக்கில் இருக்கின்றன. சென்னையிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட நேர் தெற்கு. போர்ட் பிளேரிலிருந்து பார்த்தால் தென்மேற்கு. தூர்தர்ஷன் பயன்படுத்தும் 93.5 டிகிரி இதற்கு மாறாக, சென்னைக்குத் தென்கிழக்கு, நமக்கு நேர் தெற்கு. திசை மட்டும் மாறினால் பரவாயில்லை. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யையும் அதன் பிடிக்குள் திருக வேண்டும். 93.5-க்கு சென்னையில் சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்கும். இங்கே அநேகமாக நேராக நிற்கும். டிஷ்ஷைத் திருப்பிவிட்டு இதைத் திருகாமல் போகிற ஆட்கள் உண்டு. அப்போது பாதி சேனல் வரும், பாதி வராது. பழி பாக்ஸ் மேல் விழும்.

4. மொட்டை மாடியோ தகரக் கூரையோதான் வேண்டும் என்பதில்லை. 93.5 டிகிரி செயற்கைக்கோள் போர்ட் பிளேரில் தரைமட்டத்திலிருந்து 76 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே இருக்கிறது. தெற்கே கேம்ப்பெல் பே பக்கம் போனால் இன்னும் நிமிரும். பத்தடி உயரச் சுவர் தெற்கே நின்றாலும், அதிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தால் போதும், மறைக்காது. அதனால் முற்றத்தில், கையெட்டுகிற உயரத்தில் ஒரு கம்பம் நட்டுவிடலாம். காற்று அடியும் குறைவு, துடைப்பதும் சுலபம். தலைக்கு மேல் கவிந்திருக்கும் தென்னை மட்டையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈர ஓலை சிக்னலை நன்றாகவே குடிக்கும்.

5. மழையில் படம் போவது எதனால் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் குறையும். வீட்டு டிஷ்ஷுக்கு வருவது கேயு-பேண்ட், சுமார் 12 கிகாஹெர்ட்ஸ். அந்த அலையைக் கனமழை விழுங்கிவிடும். 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்கும் சி-பேண்டை மழை பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் அதற்கு ஆறடி, எட்டடி டிஷ் வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. இங்கே 3,000 மி.மீ. அளவில், மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஹெச்.டி.க்கு என்று தனி பலவீனம் ஒன்றும் கிடையாது. விளிம்பில் இருக்கிற சிக்னல் எதுவானாலும் முதலில் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் அப்படியே நின்றுபோகும்.

6. கேபிளும் வானத்திலிருந்துதான் வருகிறது. ஆபரேட்டரின் ஹெட்எண்டில் பெரிய பெரிய டிஷ்கள் சேனல்களை வாங்கி, பைபரிலும் கோஆக்ஸிலும் நம் வீட்டுக்கு அனுப்புகின்றன. அவை பெரும்பாலும் சி-பேண்ட் என்பதால் உங்கள் கூரை டிஷ் கண்ணை மூடும் மழையிலும் கேபிளில் சீரியல் ஓடும். என் கணக்கில் நல்ல ஆபரேட்டர் இருக்கிற ஊருக்கு கேபிள்தான் மேல். ஆனால் ஆபரேட்டர் நல்லவரா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "சன் டிவி ஹெச்.டி., விஜய் ஹெச்.டி. எல்லாம் நிஜமாவே ஹெச்.டி. பாக்ஸ்லதான் வருதா? கரண்ட் போனா உங்க தெரு நோடுக்கு பேட்டரி இருக்கா? லைன் அறுந்தா எத்தனை நாள்ல ஆள் வருவாங்க?" மூன்றாவது கேள்விக்கான பதிலை அவரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

7. ஹெச்.டி. பாக்ஸ் வாங்கி, மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் மாட்டினால் காசு தண்டம். அந்த மஞ்சள் ஒயரில் பழைய தரம் மட்டுமே போகும். ஹெச்.டி.எம்.ஐ. ஒயர்தான் வேண்டும். பிறகு பாக்ஸின் மெனுவில் போய் வெளியீட்டை 1080 என்று வைக்க வேண்டும். டிவி கலங்கலாக இருக்கிறது என்ற புகாரில் பாதி இந்த ஒரு ஒயரில் தீர்ந்துவிடும். கேபிள் வீடுகளில் இன்னொரு சமாச்சாரம்: இரண்டாவது ரூமுக்கு என்று நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டால் சிக்னல் பாதியாகப் பிரியும். முடிந்தவரை ஆபரேட்டரையே வைத்துச் செய்யுங்கள்.

8. உப்புக்காற்றுதான் நிஜமான எதிரி. எல்.என்.பி.யில் திருகியிருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் இருக்கும் செம்புக் கம்பி பளபளவென்று இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்த நுனியை வெட்டி, ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளிப் புதுக் கனெக்டர் போடுங்கள். மேலே ரப்பர் போல ஒட்டிக்கொள்ளும் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண கரண்ட் டேப் வெயிலில் உரிந்துவிடும். ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு தொங்க விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நட்டு, போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

9. வானம் வெளுத்திருக்கும் ஒரு நாளில் பாக்ஸின் மெனுவில் சிக்னல் அளவைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு காட்டும், குவாலிட்டிதான் முக்கியம். நல்ல வெயிலிலேயே அது மாதத்துக்கு மாதம் இறங்கினால் டிஷ் அசைந்திருக்கிறது, இல்லை கனெக்டர் கெட்டிருக்கிறது. மழை மேல் பழி போட வேண்டாம்.

10. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் பகலில் சில நிமிஷம் படம் போகும். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்பதால் நேர்வது. 93.5 டிகிரிக்கு நமக்குப் பகல் 11-க்கும் 12-க்கும் நடுவே. ஆளைக் கூப்பிட வேண்டாம், தானாக வரும். கேபிளிலும் சில சேனல் இப்படிப் போகலாம்.

11. சேனல் பேக்கைப் போட்டதோடு மறந்துவிடாதீர்கள். ஒரே சேனலின் சாதாரண வடிவமும் ஹெச்.டி. வடிவமும் இரண்டும் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். பழையதை எடுத்துவிடுங்கள். 2019-இல் வந்த டிராய் விதிமுறையில் நெட்வொர்க் கட்டணத்துக்கு ஒரு ஹெச்.டி. சேனல் இரண்டு சேனலாக எண்ணப்பட்டது. 2024-இல் அந்த நெட்வொர்க் கட்டணத்தின் உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். கேபிளுக்கும் டிடிஹெச்சுக்கும் வித்தியாசம் இருக்கும், விசாரித்துக் கட்டுங்கள்.

12. "கடலுக்கடியில கேபிள் வந்தாச்சே, இனி டிஷ் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிய சென்னை–அந்தமான் பைபர் கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. அது இன்டர்நெட் கேபிள்; டிவி கேபிளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கு முன் இன்டர்நெட்டுக்கும் செயற்கைக்கோள்தான் கதி என்றிருந்த ஊரில் இன்று வீட்டு பைபரில் ஹெச்.டி. ஆப் ஓடுகிறது என்பதே பெரிய மாற்றம். மணிக்கு 2 முதல் 3 ஜிபி தின்னும், அளவில்லாத பிளானாகப் பாருங்கள். கிரிக்கெட் மட்டும் ஆப்பில் வேண்டாம். பக்கத்து வீட்டு கேபிளில் விக்கெட் விழுந்து கூச்சல் கேட்டு ஓய்ந்த பிறகுதான் நம் பவுலர் ஓடிவருவார்.

13. முடிவாக, போர்ட் பிளேரில் அபர்டீன் பஜார், ஜங்லிகாட், டெய்ரி ஃபார்ம் பக்கம் என்றால் கேபிள், கூடவே பைபர். லைன் எட்டாத பண்ணை வீடுகளுக்குப் பெரிய டிஷ். ஹட் பே, கச்சால் போன்ற இடங்களில் இருப்பவர்கள் போர்ட் பிளேர் வரும்போதே உதிரி எல்.என்.பி. ஒன்று, எஃப் கனெக்டர் நாலைந்து, ஒரு சுருள் டேப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய எல்.என்.பி.யைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டியே வாங்குங்கள். வகை மாறிவிட்டால் அடுத்த கப்பல் வரை டிவி சும்மாதான் இருக்கும்.