அச்சுப்பொறிக்கு ஒரு சோதனைத்தாள்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில், பெருமாட்டி போன்ற சித்தூர் வட்டத்து ஊர்களில் சில நாள் ஓடாமல் கிடக்கும் இங்க்ஜெட் அச்சுப்பொறியின் மைத்துளைகள் உலர்ந்து அடைபடக்கூடும் என்பதால், மைத்துளைச் சோதனைத்தாளை, அதாவது நான்கு மைகளையும் தனித்தனி மெல்லிய கோடுகளாகக் காட்டும் பக்கத்தை, வாரம் ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பது நன்று. கோடு அறுந்திருந்தால் மட்டுமே துப்புரவுக் கட்டளை வேண்டும். அதுவோ ஒவ்வொரு முறையும் கணிசமான மையைக் கழிவாக்கும்.

அளவுப் பிழையைக் காட்ட அந்தத் தாள் போதாது. விண்ணப்பங்கள் தமிழிலும் மலையாளத்திலும் அச்சாகும் அட்சயா என்னும் கேரள அரசின் பொதுச் சேவை மையங்கள், ஏ4 தாளில் நெடுக்கும் குறுக்குமாக 100 மி.மீ. கோடுகளையும், ஒரு சாம்பல் கட்டத்தையும், 6 புள்ளி அளவில் இரு மொழி எழுத்துகளையும் வரைந்து வைத்துக்கொள்ளலாம். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்னும் தெரிவை நீக்கி, 100 விழுக்காட்டில் அச்சிட்டு அளவுகோலால் அளக்கும்போது கோடு 97 மி.மீ. இருந்தால், விண்ணப்பத்தில் அச்சாகும் ஒளிப்படமும் அதே விகிதத்தில் சுருங்கும். சாம்பலில் சிவப்போ பச்சையோ ஏறியிருந்தால் வண்ணச் சமநிலை பிசகியுள்ளது. மெய்யெழுத்தின் புள்ளி மை பரவி எழுத்தோடு ஒட்டினால், முதலில் தாள்வகை அமைப்பையும், மழைக்காலமாயின் தாள் ஈரம் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே அச்சுத்தலையைச் சீரமைக்க வேண்டும்.