நல்ல சேதியோடு கையும் போகவேணும், தங்கச்சி

தங்கச்சி, இந்த வருசம் அன்பியப் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மெத்தச் சந்தோசம். உன்னைப் போலத் தீவுப்பகுதிக் கோயில்களில் மரியாயின் சேனையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பாடகர் குழாமிலும் புதிதாய்ச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சாட்டிக் கடற்கரையோரம் சிந்தாத்திரை மாதா இருக்கிறா. கடலில் போகிறவர்களுக்கு அவதான் துணை என்பது எங்கட சனத்தின் நம்பிக்கை. அந்த மாதா செய்ததையே முதலில் பார். வானதூதர் சேதி சொல்லிவிட்டுப் போனதும் அவ ஊரைக் கூட்டவில்லை. யூதேயா மலைநாட்டுக்கு வெளிக்கிட்டா, எலிசபெத்தின் வீட்டுக்கு. வயதுபோன காலத்தில் பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்த உறவுக்காரி அவ. வாழ்த்துச் சொன்னதோடு மாதா திரும்பிவிடவும் இல்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே நின்றா என்று லூக்கா தன் முதலாம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். மே 31ஆம் திகதி மாதா எலிசபெத்தைச் சந்தித்த திருநாளைக் கொண்டாடுகிறோமே, அன்றைக்கு நாங்கள் நினைக்கவேண்டியது வாழ்த்தை மட்டுமல்ல, அந்த மூன்று மாதத்தையும்தான். சேதி சொல்லப் போகிறவளின் கை சும்மா இருக்கக்கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

சேதி யாருடையது?

பூசை முடிந்து கோயில் வாசலில் சனம் நிற்கிற அந்தக் கால் மணித்தியாலத்தில் பாதி ஊரின் கதை வெளியே வந்துவிடும். யாருக்கு விசா கிடைத்தது, யாருக்குக் கலியாணம் பொருந்தியது, யார் வீட்டில் விசேசம் என்று எல்லாம் அங்கேதான். கேட்கவும் நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் அந்தச் சேதிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் வாயால் முதலில் வெளிவர விடு. ஒரு பெண் கர்ப்பமாய் இருக்கிறாள் என்பது மாமிக்குத் தெரியுமுன் அன்பிய வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்துப் படத்தோடு வந்து விழுந்தால், அந்த வீட்டில் அன்றைக்குச் சந்தோசமா இருக்கும்? அதிலும் முதல் மூன்று மாதம் யாரும் கதைக்க விரும்பாத காலம். "நான் இதைக் குழுவில் போடட்டோ, அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடு.

சோதனை முடிவு வாற காலத்தில் இன்னும் கவனம் வேணும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த அன்று வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளையின் படம் எல்லாக் கைபேசியிலும் ஓடும். அதே வாங்கில் இருந்து படித்து, இரண்டு புள்ளியால் தவறவிட்ட பிள்ளையும் ஞாயிறு மறைக்கல்விக்கு வரவேணும் இல்லையா? சித்தியடைந்த பிள்ளையைப் பாராட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னேரம் மற்றப் பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு நடை போ. புள்ளியைப் பற்றிக் கேளாதே. வாற திருநாளுக்கு வாசகம் வாசிக்கவோ காணிக்கைப் பவனியில் வரவோ அந்தப் பிள்ளையைக் கேட்டு வை. பத்து வயதுப் பிள்ளைக்கு அன்றைக்குத் தேவை, தன்னை ஒருத்தர் தேடி வந்தார் என்ற எண்ணம்தான்.

சேதியை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பதில் எங்கட முன்னோர் கெட்டிக்காரர். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே இடமில்லை. 1687இல் கோவாவில் இருந்து யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் கோலத்தில் வந்து இறங்கினார். சில்லாலையில் சனம் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. பூசை இரவில், வீடுகளுக்குள் நடந்தது. சுவாமி வந்திருக்கிறார் என்ற சேதி நம்பிக்கையான வாயில் இருந்து நம்பிக்கையான காதுக்கு மட்டும் போனது. ஒரு வாய் தவறியிருந்தால் முழு ஊருக்கும் ஆபத்து. அதே அடிகளார் 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, வீட்டாரே கைவிட்டுப் போன நோயாளர்களைத் தூக்கிப் பராமரித்தார். அவருக்கும் நற்செய்தி வேறு, நோயாளியின் புண்ணைக் கழுவுவது வேறு என்று இருக்கவில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இதே திருத்தந்தைதான் 2020 செப்டெம்பரில் மூவேளைச் செப உரையில், புறங்கூறுதல் கோவிட்டை விடப் பொல்லாத கொள்ளைநோய் என்று சொன்னார். உலகமே முகக்கவசத்தோடு இருந்த நேரம் அது. வாசலில் நிற்கிற கதை ஒருவரைக் குறைக்கிற பக்கமாய்த் திரும்பினால், நீ பொறுப்பாளர் என்று பிரசங்கம் வைக்காதே. அந்த ஆள் செய்த நல்லது ஒன்றை எடுத்துச் சொல்லு. கதை தானாகத் திசை மாறும்.

கையில் என்ன கொண்டுபோவது?

பிள்ளைப்பெறு வீட்டுக்குச் சட்டையும் சவுக்காரமும் வாங்கிக்கொண்டு எல்லாரும் போவார்கள். நீ போகிறபோது பால்சுறா கிடைத்தால் வாங்கி, அவித்து உதிர்த்து, உள்ளி கூடப் போட்டு வறையாய்ச் செய்துகொண்டு போ. இல்லையென்றால் சரக்குத்தூள் போட்ட பத்தியக்கறி ஒரு சட்டி. போனதும் கதிரையில் இருந்துவிடாதே. தாய் நித்திரை கொள்ள ஒரு மணித்தியாலம் பிள்ளையை வாங்கி வைத்திரு, கழுவாத பாத்திரம் இருந்தால் கழுவு. குழந்தை யாரைப்போல என்ற ஆராய்ச்சியை மற்ற ஆட்கள் செய்யட்டும்.

எங்கட தீவுகளின் நிலைமை உனக்குத் தெரியும். 1990இல் இடம்பெயர்ந்த சனத்தில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. பிள்ளைகள் பாரிசிலும் ரொறன்ரோவிலும், தாய் தகப்பன் இங்கே தனியாய். அப்படிப்பட்ட வீட்டுக்குக் காசு வரும், கைதான் வராது. குடிதண்ணீர் பவுசர் வாற நாளில் குடம் தூக்க ஆள் இல்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் என்றால் விடிய முதல் பஸ்சைப் பிடித்துப் பண்ணைப் பாலம் தாண்டிப் போய் நம்பர் எடுக்கவேணும். எழுபத்தைந்து வயதுக்காரி ஒருத்தி கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் பிடித்துக்கொண்டு தனியாய் வரிசையில் நிற்பதை நீயும் பார்த்திருப்பாய். அன்பியத்தில் இருக்கிற வீடுகளின் கிளினிக் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வை. மாதத் தொடக்கத்தில் யார் யாரோடு போவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். செபமாலைக்கு வீடு பிரிக்கிற மாதிரி இதையும் பிரிக்கலாம். நெடுந்தீவு ஆட்களுக்கு இன்னொரு கரைச்சல் இருக்கிறது. கிளினிக் முடிந்து குறிகட்டுவானுக்கு வருமுன் கடைசிப் படகு போய்விட்டால் இரவு தங்க இடம் வேணும். உன் பங்கில் ஒரு வீட்டில் ஒரு பாயும் தலையணையும் அதற்கென்று இருந்தால் அது பெரிய தொண்டு.

தனியாய்ப் போகாதே, இருவராய்ப் போ. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஒசானம் இருபது வயதில் நண்பர்களோடு தொடங்கியதுதான் இன்றைக்கு எங்கட பங்குகளிலும் இருக்கிற வின்சென்ட் டி போல் சபை. ஏழைகளின் வீட்டுக்கு நேரே போவது, அதுவும் இரண்டு இரண்டு பேராய்ப் போவது, அவர்களின் வழக்கம். அதில் நல்ல புத்தி இருக்கிறது. ஒருத்தி கதை கேட்கிற நேரம் மற்றவள் வீட்டு நிலைமையைப் பார்ப்பாள். அடுப்பு எரிகிறதா, மருந்துப் போத்தல் வெறுமையாயா என்று. காசு விசயத்தில் சந்தேகம் வரவும் இடமில்லை.

படம் எடுக்காதே

இதை உரத்துச் சொல்லுகிறேன். பொதி கொடுக்கிற படம் வேண்டாம். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிற உறவுகள் படம் கேட்பார்கள், அவர்களுக்குக் கணக்கு வேணும் என்பது நியாயம். கணக்கைக் கொடு. கடை ரசீது, எத்தனை குடும்பம், என்னென்ன சாமான், மிச்சம் எவ்வளவு என்று பங்குத்தந்தையின் ஒப்பத்தோடு அனுப்பு. வாங்கியவரின் முகத்தை அனுப்பாதே. அரிசிப் பையைப் பிடித்தபடி நிற்கிற தாயின் படத்தை அவளுடைய மகளின் வகுப்புப் பிள்ளைகள் பார்ப்பார்கள். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் தருமத்தைப் பற்றி இயேசு சொன்னதை கோயிலில் வாசித்துவிட்டு மறுநாள் முகநூலில் அதற்கு எதிராய்ச் செய்யலாமா?

பட்டியல் எழுதுகிறபோது விடுபட்ட பெயரைத்தான் தேடவேணும். அப்போஸ்தலர் காலத்திலேயே இந்தக் குறை வந்திருக்கிறது. எருசலேமில் அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் கோபிக்கவில்லை. நற்பெயர் உள்ள ஏழு பேரைத் தெரிந்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள், அப்போஸ்தலர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கட பட்டியலிலும் வாய் திறந்து கேட்கிறவர்களின் பெயர்தான் மேலே இருக்கும். புதிதாய் வாடகைக்கு வந்த குடும்பம், கோயிலுக்கு வராமல் நின்றுவிட்ட வீடு, குடிக்கிற ஆளின் மனைவி, இவர்கள் பெயர் தானாய் வராது. நீதான் தேடிப் போகவேணும். வீடு கட்டுவது, சத்திரசிகிச்சை போன்ற பெரிய தேவை என்றால் அன்பியத்தால் தாங்க ஏலாது. பங்குத்தந்தை மூலம் கரித்தாஸ் போன்ற நிறுவனங்களுக்கு முறையாய் எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. வேலணையில் சைவ வீடும் எங்கட வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். சாட்டி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த அவர்களும் வருகிறார்கள், நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போகிற அயலவரின் வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவர்களில் ஒருவர் கஷ்டத்தில் இருந்தால் பொதியோடு துண்டுப்பிரசுரம் வைக்காதே. பசித்த வீட்டுக்குச் சாப்பாடு கொடுக்கிறபோது பதிலுக்கு எதையும் எதிர்பார்த்தால் அது வியாபாரம். நீ ஏன் வந்தாய் என்று அவர்களாகக் கேட்டால் மனம் திறந்து சொல்லு.

துக்க வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை சரிவராது. எங்கட தீவிலேயே அல்லைப்பிட்டி இருக்கிறது. 2006 ஓகஸ்ட் 13ஆம் திகதி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் எறிகணை விழுந்தது. காயப்பட்டவர்களையும் மிஞ்சிய குடும்பங்களையும் பாதுகாப்பான இடத்துக்குச் சேர்க்கப் பாடுபட்ட பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அதே மாதம் 20ஆம் திகதி காணாமற்போனார், அவரோடு போன உதவியாளரும் திரும்பவில்லை. அப்படிக் காத்திருக்கிற குடும்பங்கள் எங்கட பங்குகள் எல்லாவற்றிலும் உண்டு. அவர்களிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லாதே. "எப்பவோ நடந்தது, மறந்துவிடுங்கோ" என்றும் சொல்லாதே. அந்தத் திகதி வாற கிழமை போய், ஆளின் பெயரைச் சொல்லிக் கதை. என்ன பாட்டுப் பிடிக்கும், எந்தக் கறி விருப்பம் என்று அந்தத் தாய் சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிரு. செத்தவீட்டுக்கு எட்டு வரைக்கும் சாப்பாடு கொண்டுபோக ஆள் இருக்கும். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உறவெல்லாம் போனபின்தான் வீடு வெறிச்சோடும். நீ அதற்குப் பிறகு போ.

சரி தங்கச்சி. வாற ஞாயிறு பூசை முடிய, வாசலில் கனநாளாய்க் காணாத ஆள் யார் என்று ஒருக்கால் யோசி. வீடு தெரியாவிட்டால் மூப்பரிடம் கேள். ஒரு துணையைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போய்வா.