உரக்குழிக்கு வண்டல் போடுவோம்

வலிமா விருந்தின் காய்கறிக் கழிவையும் குர்பானிக் குடல் சாணத்தையும் குழியிலிட்டு மக்கவைக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மக்கும்போது அதிலுள்ள கரிமத்தில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடுகிறது. மிஞ்சும் மட்கைக் காப்பது களிமண். களிமண் துகளோடு மட்கு ஒட்டிக்கொண்டால் நுண்ணுயிர்கள் அதை எளிதில் தின்றுதீர்க்க முடியாது. பத்துக் கூடைக் கழிவுக்கு ஒரு கூடைக் கண்மாய் வண்டல் போதும். பொடித்துத் தூவுங்கள், கட்டியாய்ப் போட்டால் காற்றோட்டம் அடைபடும்.

நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவுவது நம்மவர் வழக்கம். உரக்குழியில் அது வேண்டாம். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். அடுப்புச் சாம்பலும் அப்படியே. மாறாக, அன்று பல் துலக்கினோமே, அந்த உமிக்கரி தழைச்சத்தைப் பிடித்துவைக்கும். நாற்றத்துக்குக் காய்ந்த சருகை மேலே மூடினாலே போதும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே வண்டலைக் காயவைத்து எடுத்துவையுங்கள்.