மண்தடப் பந்தயத்திற்கு இணையிருக்கை ஊர்தியை ஆயத்தம் செய்தலும் பேணுதலும்

பண்ணை நிலங்களில் சுமை ஏற்றிச் செல்லவும், காட்டு வழிகளைச் சுற்றிப் பார்வையிடவும், சாலையற்ற இடங்களைக் கடக்கவும் பயன்படும் சிறிய நான்கு சக்கர ஊர்தி ஒன்று உண்டு. ஓட்டுநரும் துணைவரும் அதில் அருகருகே அமர்வதால் அதற்குச் 'சைடு-பை-சைடு' என்னும் பெயர் ஏற்பட்டது. இக்கட்டுரையில் அதனை இணையிருக்கை ஊர்தி என்று வழங்குவோம். கவாசாகியின் 'மியூல்' 1988 இல் வெளிவந்தபோது அது பண்ணை வேலைக்குரிய வண்டியாகவே கருதப்பட்டது. 2003 இல் யமஹாவின் 'ரைனோ', 2007 இல் பொலாரிஸின் 'ஆர்.இஸட்.ஆர்.' ஆகியவை வந்த பின்னர் வேகமும் விளையாட்டும் இவ்வகை ஊர்தியின் நோக்கங்களாயின. 2017 ஆம் ஆண்டு டக்கார் நெடும்பந்தயத்தில் இவற்றுக்குத் தனிப் பிரிவே அமைக்கப்பட்டது.

இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பந்தயத்தைத் தொழிலாகக் கொள்ளாத பலர் வார இறுதிகளில் மண்தடங்களில் இவ்வூர்திகளை ஓட்டுகின்றனர். நம் நாட்டில் இதற்கு நெருங்கிய பயிற்சி, பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்த ஓரிருக்கை ஊர்தியைக் கரடுமுரடான தடத்தில் ஓட்டிக்காட்டும் பாஹா போட்டியாகும். 1976 இல் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பிறந்த அம்முறை, 2007 இல் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் இந்திய வடிவம் பெற்றது. ஆதலால் கீழ்வரும் செய்திகள் பந்தயக்காரர்க்கு மட்டுமன்றி, தொழிற்பயிற்சி ஆசிரியர்க்கும், மண்வழிகளில் வண்டி நடத்தும் களப்பணியாளர்க்கும் பயன்படக் கூடியவை.

கடையில் வாங்கிய ஊர்தி பந்தய ஊர்தியன்று. உலாவுக்காக அமைந்த உறுப்புகள் பந்தயத்தில் இடைவிடாமல் முழு விசையைத் தாங்க வேண்டியுள்ளது. புதிதாக இதில் இறங்குவோர் முதலில் என்ஜினின் வலிமையைக் கூட்டவே விரும்புவர். இது தலைகீழான வரிசையாகும். பொருள் குறைவாக உள்ளவர் முதற்கண் உயிர்க்காப்பு, அடுத்து காற்று வடிகட்டல், அடுத்து பெல்ட், அதன்பின் சஸ்பென்ஷன், இறுதியில் வலிமை என்னும் வரிசையிலேயே செலவிட வேண்டும். இவ்வரிசைக்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கவிழ்தலின் கணக்கு

ஊர்தியின் இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரம் தட அகலம் எனப்படும். இதனைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண் நிலைத்தன்மைக் கெழு ஆகும். தட அகலம் 1.30 மீட்டர், மையத்தின் உயரம் 0.65 மீட்டர் என்று கொள்வோம். கெழு 1.00 ஆகிறது. பெரிய டயர்களைப் பூட்டி உடலை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் கெழு 0.93 ஆகக் குறைகிறது. இழந்ததை மீட்கத் தட அகலத்தை 10 சென்டிமீட்டர் கூட்டியாக வேண்டும். உயரத்தில் கூட்டிய ஒரு பங்கினை ஈடுசெய்ய அகலத்தில் இரு பங்கு தேவைப்படுகிறது என்பதை மனத்தில் இருத்துக.

20 மீட்டர் ஆரமுள்ள வளைவில், கெழு 1.00 உடைய ஊர்தி ஏறத்தாழ மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கவிழும் நிலையை அடையும். ஆனால் தளர்ந்த மண்ணில் டயரின் பிடிப்புக் கெழு 0.6 அளவே இருக்குமாயின், மணிக்கு 39 கிலோமீட்டரிலேயே ஊர்தி பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கிவிடும். அதாவது, வழுக்குதலே ஓட்டுநரைக் கவிழ்தலினின்று காக்கிறது. களிமண் தடத்திற்கு நீர் தெளித்து, அது அளவான ஈரத்துடன் இறுகும்போது பிடிப்பு மிகுகிறது. அப்பொழுது வழுக்கும் வேகத்திற்கும் கவிழும் வேகத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு சுருங்குகிறது. காலையில் பாதுகாப்பாகச் சென்ற அதே வளைவில் மாலையில் வண்டி கவிழ்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மேலும், வழுக்கும் சக்கரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் தடுக்குமானால் மிகக் குறைந்த வேகத்திலும் ஊர்தி புரளக்கூடும். ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் உண்மையான எல்லை ஏட்டுக் கணக்கைவிடக் குறைவானதே.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் யமஹா நிறுவனமும் 'ரைனோ' 450, 660 வகைகளுக்கு இலவசத் திருத்தத் திட்டம் ஒன்றை அறிவித்தன. பின் சக்கரங்களுக்கு இடைத்துண்டுகள் பொருத்தித் தட அகலத்தைக் கூட்டுவதும், பின்புறச் சாய்வுத் தடுப்புத் தண்டினை அகற்றுவதும் அத்திருத்தங்களாகும். அத்தண்டை நீக்கினால் வளைவில் பின் டயர்களின் பிடிப்பு மிகுந்து, ஊர்தி திடீரெனச் சுழன்று பக்கவாட்டில் திரும்பும் போக்கு குறைகிறது. ஓர் எளிய மாற்றம் ஊர்தியின் குணத்தையே மாற்றவல்லது என்பதை இதனால் அறியலாம். எனினும் இடைத்துண்டு சக்கர பேரிங்கின்மேல் விழும் நெம்பு விசையைக் கூட்டும். ஆகவே அதனைப் பூட்டியவர் பேரிங்கை அடிக்கடி சோதிக்கக் கடமைப்பட்டவர்.

காப்புக் கூடும் வார்ப்பட்டையும்

தொழிற்சாலையிலிருந்து வரும் குழாய்க் கூடு உலாவின்போது நேரும் புரளலை மனத்திற்கொண்டு அமைந்தது. பந்தய அமைப்புகள் பெரும்பாலும் எஃகுக் குழாயின் புற விட்டத்தையும் சுவர்க் கனத்தையும் விதித்து, வலிமை மிகுந்த கூட்டினைக் கோருகின்றன. அவ்விதிகளைப் படித்த பின்னரே குழாய் வாங்குதல் வேண்டும். ஒரே கனமுள்ள குழாய்களுள் விட்டம் மிகுந்தது வளைவை நன்கு எதிர்க்கும். தலைக்கவசம் படக்கூடிய இடங்களில் கடினமான திண்டு பொருத்துக. வெல்டிங் மூட்டுகளைச் சுற்றியுள்ள பெயின்ட்டில் மயிரிழை போன்ற கீறல் தோன்றினால், அதன் அடியில் உலோகமே வெடித்திருக்கலாம் என்று ஐயுறுக.

வார்ப்பட்டையின் இடுப்புப் பகுதி வயிற்றின்மேல் அன்றி இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். முதலில் அதனை இறுக்கிய பிறகே தோள்பட்டைகளை இறுக்குதல் முறை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் செயற்கை இழையை நலிவிப்பதால், வெளிறிய பட்டை புதியதைப்போல் தோன்றினும் நம்பத்தக்கதன்று. புரளும் ஊர்தியைக் கையால் தாங்க முயல்வது மனித இயல்பு. கை நசுங்குவதற்கும் அதுவே காரணம். ஆதலால் பக்க வலை அணிகலன் அன்று, இன்றியமையாத உறுப்பு. தீயணைப்பான், அமர்ந்த நிலையில் கை எட்டும் மின் துண்டிப்பு ஸ்விட்ச் ஆகியவையும் அவ்வாறே.

தூசியும் காற்று வடிகட்டியும்

1,000 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு என்ஜின் நிமிடத்திற்கு 8,000 சுற்று சுழலும்போது, சிலிண்டர்கள் முழுதும் நிரம்புவதாகக் கொண்டால், நிமிடத்திற்கு 4,000 லிட்டர் காற்றை உறிஞ்சும். 20 நிமிடப் பந்தயத்தில் இது 80 கன மீட்டராகும். முன்செல்லும் வண்டிகள் எழுப்பும் புழுதியில் கன மீட்டருக்கு ஒரு கிராம் தூசி உள்ளதெனக் கொள்வோமாயின், 80 கிராம் தூசி வடிகட்டியை வந்தடைகிறது. மண்தூசியில் பெரும்பகுதி குவார்ட்ஸ் ஆகும். மோஸ் அளவையில் அதன் கடினம் 7. சாதாரண எஃகினும் கடினமானது. இத்துகள் எண்ணெயுடன் கலந்தால் சாணைக் குழம்பாகிப் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் அராவிவிடும். சிறிதளவு கசிவும் ஒரே நாளில் என்ஜினைக் கெடுக்கப் போதுமானது.

எனவே ஒவ்வொரு பந்தய நாளிலும் வடிகட்டியைக் கழற்றி, அதற்கு அப்பாலுள்ள தூய காற்றுக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் தூசி படிந்தால் வடிகட்டி கிழிந்துள்ளது, அல்லது அதன் விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை எனக் கொள்க. தாள் வடிகட்டியை அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தலாகாது. கண்ணுக்குப் புலப்படாத துளைகள் ஏற்படும். பந்தயத்திற்குப் புதிய தாளே உகந்தது. கடற்பஞ்சு போன்ற நுரை உறையைக் கழுவி, உலர்த்தி, உரிய எண்ணெய் இட்டுப் பயன்படுத்தலாம்.

பெல்ட் இயக்கம்

இவ்வூர்திகளுள் பெரும்பாலானவற்றில் என்ஜினின் விசையைக் கியர்ப்பெட்டிக்குக் கொண்டுசெல்வது ரப்பர் வி-பெல்ட் ஆகும். 1958 இல் ஹாலந்து நாட்டின் டாஃப் நிறுவனம் தன் சிறு காரில் புகுத்திய முறையின் வழித்தோன்றலே இது. என்ஜினோடு இணைந்த கப்பி வேகமாகச் சுழலும்போது அதிலுள்ள எடைத்துண்டுகள் வெளியே விலகி, கப்பியின் இரு தட்டுகளையும் நெருக்குகின்றன. பெல்ட் வெளிவிளிம்பை நோக்கி ஏறுகிறது. மறுகப்பியின் தட்டுகள் ஸ்பிரிங்கை எதிர்த்து விலகுகின்றன. இவ்வாறு கியர் விகிதம் படியின்றி மாறுகிறது.

பெல்ட்டின் பகை வெப்பமே. என்ஜின் 50 கிலோவாட் திறனை அளிக்க, அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு இழப்பாகிறதெனின், 7.5 கிலோவாட் வெப்பம் ஒரு சிறு பெட்டிக்குள் பிறக்கிறது. இது ஏழு மின் அடுப்புகளின் வெப்பத்திற்கு மேற்பட்டது. ஆகையால் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்க:

1. புதிய பெல்ட்டைத் தயாரிப்பாளர் குறித்த தூரம்வரை மிதமாக ஓட்டிப் பழக்குக. பூட்டுமுன் கப்பியின் முகங்களை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைக்க. எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது.

2. மேட்டிலும் சேற்றிலும் மெல்லச் செல்லும்போது தாழ்ந்த கியரையே பயன்படுத்துக. உயர் கியரில் வண்டி நகராமல் கப்பி மட்டும் சுழலுமாயின், பெல்ட்டில் ஓரிடம் கருகி இடுப்புச் சிறுத்துவிடும்.

3. பந்தயம் முடிந்ததும் என்ஜினை உடனே நிறுத்தாமல் சில நிமிடம் மெதுவாக ஓட்டுக. பெட்டிக்குக் காற்றூட்டும் சிறகுகள் பெரும்பாலும் கப்பியிலேயே உள்ளன. என்ஜின் நின்றால் காற்றும் நின்றுவிடும்.

4. பெல்ட் அறுந்தால் நூலிழைகள் முழுவதையும் பொறுக்கி எடுத்த பின்னரே மாற்றுப் பெல்ட்டைப் பூட்டுக. எஞ்சிய இழை அச்சில் சுற்றி எண்ணெய் ஸீலைக் கெடுக்கும்.

5. மூடியின்றி என்ஜினை ஓட்டுதல் கூடவே கூடாது. சிதறும் துண்டு உயிருக்கு ஆபத்தானது.

குளிர்விப்பும் சஸ்பென்ஷனும்

ரேடியேட்டரின் இதழ்களில் சேறு அடைத்தால் என்ஜின் சூடேறும். பின்புறமிருந்து முன்புறமாக, குறைந்த அழுத்தமுள்ள நீரால் கழுவுக. அமைப்பினுள் ஒரு வளிமண்டல மிகை அழுத்தம் இருக்கையில் நீர் ஏறத்தாழ 120 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். சூடாக உள்ளபோது மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் ஒரே கணத்தில் ஆவியாய்ப் பீறிடும் என்பதை மறத்தலாகாது.

டயரின் காற்றழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் அளந்து எழுதுக. சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி, மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார்க்க. மேல்கீழ் ஆட்டம் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் தேய்ந்ததையும், பக்க ஆட்டம் ஸ்டீயரிங் தண்டின் மூட்டுத் தேய்ந்ததையும் பெரும்பாலும் குறிக்கும். இருபுற ஷாக் அப்சார்பர்களையும் ஒரே அளவில் திருத்துக. ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் நன்மை விளைந்தது என்று அறிய இயலாது. நைலான் வளையமுள்ள நட்டுகளைக் கழற்றினால் புதியன இடுக. முறுக்கு அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்கியபின், நட்டின்மீதும் உலோகத்தின்மீதும் தொடர்ச்சியாக ஒரு பெயின்ட் கோடு இடுக. கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்தது என்பது தொலைவிலிருந்தே தெரியும்.

பந்தயத்திற்குப் பின்

நீர்ப்பீச்சை பேரிங்கின்மீதும் ஸீலின்மீதும் நேராகப் பாய்ச்சாமல் ஊர்தியைக் கழுவுக. தூய ஊர்தியில்தான் கீறலும் கசிவும் தென்படும். என்ஜின் எண்ணெயை மைல் கணக்கில் அன்றி ஓடிய மணிக் கணக்கில் மாற்றுக. வடித்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. வடிகால் திருகில் காந்தம் இருப்பின், அதில் மாவு போன்ற இரும்புத் துகள் சிறிது ஒட்டியிருத்தல் இயல்பு. செதில்கள் ஒட்டியிருத்தல் பற்சக்கரமோ பேரிங்கோ உடைவதன் அறிகுறி. நாள், ஓடிய மணி, மாற்றிய உறுப்பு, கண்ட குறை ஆகிய நான்கையும் ஓர் ஏட்டில் எழுதி வருக. மூன்றாம் முறை அதே உறுப்புக் கெடும்போது, குறை அவ்வுறுப்பில் இல்லை, அதற்குக் காரணமான வேறிடத்தில் உள்ளது என்பதை அவ்வேடே காட்டிவிடும்.

ஆசிரியர்களுக்கு

பந்தய ஊர்தி இல்லாத பள்ளியிலும் இப்பாடத்தை நடத்தலாம். ஒரு விளையாட்டு வண்டியைப் பலகையின்மேல் பக்கவாட்டில் வைத்து, அது வழுக்காதபடி கீழ்ப்புறச் சக்கரங்களின் அருகே மெல்லிய சட்டம் ஒன்றை ஒட்டி, பலகையை மெல்ல உயர்த்துக. கவிழும் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு நிலைத்தன்மைக் கெழுவிற்குச் சமம். வண்டியின்மேல் ஒரு சிறு எடையை வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்க. பின்னர்ச் சட்டத்தை அகற்றி, மணல் தூவிய பலகையிலும் செய்க. எப்பொழுது வழுக்குகிறது, எப்பொழுது கவிழ்கிறது என்பதை மாணவர் தாமே அட்டவணையிட்டுக் கூறட்டும். உயரமான சுமையுடன் வயல் வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ டிராக்டர் ஓட்டப்போகும் மாணவனுக்கு அவ்வட்டவணை பந்தயத்தினும் பெரிய பயனைத் தரும்.